காவல் கப்பல் 'ஷா'
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

உடன்குடி என்றாலே கருப்பட்டி என்பார்கள். ஆனால் குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் பக்கத்திலேயே இருக்க, கடலும் நமக்குச் சொந்தம்தான். 1914 செப்டம்பர் 22-இல் சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் நம் பேச்சிலேயே தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்லா!" என்கிறோம். குண்டு போட்டவனை ஞாபகம் வைத்திருக்கிறோம். காவல் நின்றவனை? அப்படி ஒரு கப்பலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதன் பெயர் 'ஷா'.

இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகள் வேட்டையாடின. காவலுக்குப் பெரிய விமானந்தாங்கிகள் போதவில்லை. அமெரிக்காக்காரன் என்ன செய்தான் தெரியுமா? சரக்குக் கப்பலின் உடல் மேலேயே ஓடுதளத்தைப் போட்டு, சின்ன விமானந்தாங்கியாக ஆக்கிவிட்டான்! அவற்றில் பலவற்றைப் பிரிட்டனுக்கு இரவல் கொடுத்தான். ராஜா, ராணி, பேகம், ஷா என்று நம்ம பக்கத்துப் பெயர்களே வைத்தார்கள். ஷா 1943 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. மறு ஆண்டு இந்துமாக்கடலுக்கு வந்தது.

1944 ஆகஸ்டில் செய்செல்ஸ் தீவுகளுக்கு அருகே, யு-198 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை ஷாவின் விமானம் கண்டுபிடித்தது. 12-ஆம் தேதி அதை மூழ்கடித்தவை இரண்டு கப்பல்கள். ஒன்று பிரிட்டனின் 'ஃபிண்ட்ஹார்ன்'. இன்னொன்று நம் இந்தியக் கடற்படையின் 'கோதாவரி'! நீர்மூழ்கியில் இருந்த 66 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

போர் முடிந்ததும், 1945 டிசம்பரில் ஷா அமெரிக்காவிடமே திரும்பியது. பிறகு அர்ஜென்டினாக்காரர்கள் வாங்கி, 'சால்டா' என்ற பயணிகள் கப்பலாக மாற்றினார்கள்.

1963 டிசம்பர் 22 இரவு. மதெய்ரா தீவுக்கு வடக்கே 'லக்கோனியா' என்ற சொகுசுக் கப்பல் தீப்பிடித்தது. அபாயச் செய்தி கேட்டு முதலில் வந்து சேர்ந்தது நம்ம சால்டாதான். 470-க்கும் மேற்பட்டவர்களைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. அந்த விபத்தில் 128 பேர் இறந்தார்கள். சால்டா வராவிட்டால் எண்ணிக்கை என்ன ஆகியிருக்கும்? 1966-இல் அதை உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள்.

கப்பல் வேலைக்குப் போகப்போகிற தம்பி தங்கைகளே! கடலில் ஆபத்து என்று குரல் வந்தால் உதவிக்குப் போகவேண்டும் என்பது சர்வதேசச் சட்டம். சம்பளம், பதவி எல்லாம் வரட்டும். அந்தக் குரல் கேட்கும்போது கப்பலைத் திருப்புகிறவர்களாக நீங்கள் இருக்கவேண்டும்.