அரக்கு மலைக் காப்பிக் குடிகள்



காலைதோறும் நம் இல்லங்களிற் காப்பி மணக்கின்றது. அதனை விளைப்போர் யாவரென எண்ணுவார் சிலரே. அவருள் ஒரு சாராரைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

ஆந்திர நாட்டில், கிழக்குத் தொடர்ச்சி மலைமேல், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது அரக்குப் பள்ளத்தாக்கு. ஆங்குள்ள பழங்குடி மக்கள் சில்வர் ஓக் மர நிழலில் அரபிக்கா என்னும் உயர்வகைக் காப்பியை விளைவிக்கின்றனர். அம்மரங்களில் மிளகுக்கொடியும் படர்கின்றது. குடும்பத்திற்கு உரிய தோட்டம் பெரும்பாலும் ஓரிரண்டு ஏக்கரே, உழைப்போரும் வீட்டாரே.

காப்பி ஒரே நாளிற் பழுப்பதன்று. நன்கு சிவந்த கனியை மட்டும் பலமுறை சென்று கொய்தல் வேண்டும். கொய்த அன்றே தோல் நீக்கி, ஊறவைத்து, வழுவழுப்பு அகலக் கழுவி, உலர்த்தல் வேண்டும். தனிக்குடிக்கு இஃது அரிது. ஆதலின் பலர் பழத்தை அப்படியே உலர்த்தி, இடைத்தரகர் கூறிய விலைக்கு விற்றனர். கூட்டுறவாய்ச் சேர்ந்து, பொது நிலையத்தில் பதப்படுத்தத் தொடங்கியோர்க்குச் சுவையும் விலையும் உயர்ந்தன. 2017-இல் பாரிசு மாநகரில் அரக்கு என்னும் பெயராலேயே காப்பிக்கடை திறக்கப்பெற்றது. 2019-இல் அரக்கு அரபிக்காவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆயின் பொதுப்பெயர் பொதுப்பொறுப்பும் ஆகும். ஒருவர் கூடையிற் பச்சைக்காய் கலப்பின் தொட்டி முழுதும் சுவை குன்றும். அதனினும் பெரிய சோதனை காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டு. 1990-இல் நம் நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்தில் இந்தியாவில் முதன்முதற் காணப்பட்ட அது, 2025-இல் அரக்கிலும் காணப்பட்டது. காயைத் துளைத்து உட்புகுந்து, கொட்டையில் முட்டையிடும். மரத்தில் எஞ்சியதும் நிலத்தில் உதிர்ந்ததுமாகிய காய்களை ஒன்றுவிடாது பொறுக்கி, துளைபட்டவற்றைக் கொதிநீரில் இடுதல் சிறந்த காப்பு. ஒருவர் சோம்பியிருப்பினும் அவர் தோட்டத்து வண்டு அயலார் அனைவர்க்கும் கேடாம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. துளைபட்ட காயை அழிப்பவர் தம் வருவாயையே அழிக்கின்றார்; அதனால் அயலாரும் காக்கப்பெறுகின்றனர். அவ்விழப்பை அவர் ஒருவர் தலையிலேயே சுமத்தினால், வறியவர் நோயை மறைப்பார். மறைத்தால் மலைமுழுதும் கெடும். ஆதலின் அதனைக் கூட்டுறவும் அரசும் பகிர்ந்துகொள்ளுதலே அறம், அறிவும் அதுவே.

ஊதியத்தில் ஒன்றுபடுதல் எளிது. இழப்பிலும் ஒன்றுபடுவதே உண்மைக் கூட்டுறவு. அரக்கு மக்கள்பால் நாம் கற்கத்தக்கது இதுவேயாம்.