ஊசிக்கு முன் ஒரு சுரண்டல்

நாய்களின் நாள்பட்ட தோல்நோய்கள் குறித்த இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி. புதிய மருந்துகளைப் பற்றிப் பேசப் பிற்பகலில் வல்லுநர்கள் இருக்கிறார்கள். நான் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம்மிடம் வரும் நாய்களில் பல, நோயால் பட்ட பாட்டைவிடக் காரணம் தெரியாமல் செய்த வைத்தியத்தால் பட்ட பாடு அதிகம்.

அப்படிப்பட்ட நாயோடு ஒரு பிளாஸ்டிக் பையும் வரும். பை நிறைய மருந்துச் சீட்டுகள். எடுத்துப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: ஐவர்மெக்டின், ஓர் ஆன்டிபயாடிக், நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி. தெள்ளுப்பூச்சியால் வந்த அரிப்பானாலும் ஒவ்வாமையால் வந்த அரிப்பானாலும் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் அடங்கும். அதனால் எல்லோருக்கும் திருப்தி. திரும்ப வரும்போது இன்னொரு ஊசி. சில மாதங்களில் தோல் மெலிந்து, வயிறு தொங்கி, முடி கொட்டி, சில நாய்களுக்குத் தோலிலேயே சுண்ணாம்பு படிந்து, ‘முடி கொட்டுது டாக்டர்’ என்று புதிய புகாரோடு அதே நாய் வந்து நிற்கும். முதல் நோய் எது, நாம் கொடுத்த நோய் எது என்று பிரித்தறிவதே அப்போது பெரும்பாடு. டெமோடெக்ஸ் என்ற தோல்பூச்சி இருந்த நாய்க்கு ஸ்டீராய்டு போட்டால் என்ன ஆகும் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரர்கள் பங்குக்கு வேப்பெண்ணெய், மஞ்சள், சில ஊர்களில் பழைய என்ஜின் ஆயில்கூடத் தடவுகிறார்கள். நாய் அதை நக்கும் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

ரத்தம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. முதலில் வந்தது அரிப்பா, புண்ணா? எந்த வயதில் தொடங்கியது? வருடம் முழுக்கவா, சில மாதங்கள் மட்டுமா? வீட்டில் மனிதர்கள் யாருக்காவது அரிப்பு உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்து, நாயின் காது ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டியிருந்தால், சார்காப்டிஸ் என்ற சொறிப்பூச்சி பாதி பிடிபட்டுவிட்டது. வாலடியிலும் இடுப்பின் மேலும் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். மூன்று வயதுக்குள் தொடங்கி, முதலில் புண்ணில்லாத வெறும் அரிப்பாக இருந்து, முன்கால் பாதமும் காது மடலும் சிவந்து, காது ஓரமும் இடுப்பும் தப்பியிருந்தால் அடோபி என்ற ஒவ்வாமையின் பக்கம் மனம் போகலாம். ஃபாவ்ரோ குழுவினர் 2010இல் தந்த எட்டு அடையாளங்களின் சாரம் இதுதான். ஆனால் அவை மற்ற நோய்களை விலக்கிய பிறகு கைகொடுப்பவை. விலக்கும் வேலைக்கு மாற்று அல்ல.

விலக்கும் வேலை சுரண்டலில் தொடங்குகிறது. மழுங்கிய பிளேடில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின். தோலை இரு விரலால் பிதுக்கி, முடி வளரும் திசையில், மெல்ல ரத்தம் கசியும்வரை சுரண்ட வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு ‘டெமோடெக்ஸ் இல்லை’ என்று எழுதுவது எழுதாமல் விடுவதைவிட மோசம். சார்காப்டிஸ் கதை வேறு. அதற்குப் பரந்த இடத்தில் மேலாகச் சுரண்ட வேண்டும். பூச்சி இருந்தும் கண்ணில் படாமல் போவது சகஜம். காது ஓரத்தைத் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால், ஸ்லைடு என்ன சொன்னாலும் அதற்கான மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே முறை. பிறகு ஒரு செல்லோடேப் துண்டு: ஒட்டி எடுத்து, சாயமிட்டு, எண்ணெய் லென்ஸில் பாருங்கள். கழுத்தடியும் அக்குளும் யானைத்தோல் போலக் கறுத்துத் தடித்து நாற்றமடிக்கும் நாயில் மலசீசியா ஈஸ்ட் கொத்துக்கொத்தாகத் தெரியும். சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் இது அன்றாடக் காட்சி. ஈஸ்ட்டும் ஸ்டஃபைலோகாக்கஸும் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்பவை. அவற்றை அடக்கிய பின்னும் அரிப்பு நிற்கிறதா, தொடர்கிறதா என்று பார்ப்பதில்தான் அடுத்த படி இருக்கிறது.

அரிப்பில்லாமல் இருபுறமும் ஒரே மாதிரி முடி கொட்டினால் ஹார்மோன்களை நினையுங்கள். ஆனால் ஸ்டீராய்டும் வேறு நோய்களும் டி4 அளவைத் தாழ்த்தும் என்பதை மறந்து, ஒற்றை எண்ணை வைத்துத் தைராய்டு மாத்திரை தொடங்கிவிடாதீர்கள்.

உணவுச் சோதனைதான் நம் ஊரில் அதிகம் தோற்கும் இடம். நாய் இதுவரை தின்றறியாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, எட்டு வாரம், வேறெதுவும் கூடாது. எட்டு வாரம் ஒழுங்காக நடத்தினால் உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்னேற்றம் தெரியும். தயிர்சாதமும் கோழியும் முட்டையும் தின்று வளர்ந்த நாய்க்குக் கோழி எப்படிப் புதிய புரதமாகும்? சில வீடுகளில் முயல் கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கைகொடுக்கின்றன. நான்காவது வாரத்தில் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். “ஒரே ஒரு பிஸ்கட்தானே டாக்டர், அதுவும் பார்த்துக்கிட்டே நிக்குது” என்பார். சுவையூட்டிய பூச்சி மாத்திரையும் அந்த பிஸ்கட்டுக்குச் சமம்தான். குணம் தெரிந்த பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்க்காதவரை சோதனை முடியவில்லை. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் விடை தெரிந்துவிடும்.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ரத்தத்தில் உணவு ஒவ்வாமை பார்த்துத் தரும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். தூசிப்பூச்சி, மகரந்தம் ஆகியவற்றுக்கான சோதனைகூட அடோபி என்று முடிவுகட்ட அல்ல; அடோபி என்று முடிவான பிறகு ஒவ்வாமைத் தடுப்பூசியில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான். எல்லாவற்றையும் விலக்கி எஞ்சுவதே அடோபி. அது வாழ்நாள் நோய் என்பதையும் முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையேல் அவர் அடுத்த மருத்துவரைத் தேடிப் போவார், அந்தப் பையோடு.

இளைய மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுரண்டலும் டேப்பும் பார்க்காமல் எந்த நாய்க்கும் முதல் ஸ்டீராய்டு ஊசியைப் போடாதீர்கள். கட்டுரை வாசிப்பவர்கள், பாதியில் நின்றுபோன உணவுச் சோதனைகளையும் காரணம் பிடிபடாத நாய்களையும் மறைக்காமல் இந்த அவையில் வையுங்கள். விவாதிக்க வேண்டியவை அவைதாம். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.