குளக்கட்டைக் காத்தல்



திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்பது கோணேசர் கல்வெட்டுக் கூறும் மரபு. இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டுவித்தான் என்பது சூளவம்சம் கூறுவது. கட்டியவன் யார் என்று ஆராய்வதில் நமக்குள்ள ஆர்வம், கட்டியதைக் காப்பதிலும் இருத்தல் வேண்டும்.

1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20 ஆந் திகதி, பொழுது புலருமுன், அக்குளத்தின் கட்டு உடைந்தது. ஊர் உறங்கும் வேளை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. கட்டின் உட்புறத்தை நீர் அரித்தமை காரணமெனக் கூறப்பட்டது; பாரமான வாகனங்கள் கட்டின்மீது ஓடியமையும் குறையாகச் சொல்லப்பட்டது.

மண்ணாலான கட்டு எதுவும் சிறிது கசியவே செய்யும். கசியும் நீர் தெளிவாகவும் அளவு மாறாமலும் இருப்பின் பெரிதும் அஞ்சவேண்டியதில்லை. அது கலங்கி வருமாயின், கட்டின் உள்ளிருக்கும் மண்ணைச் சுமந்து வருகின்றது என்பது பொருள். வெளிப்புறத்தே தோன்றிய சிறு துளை, உள்நோக்கி வளர்ந்து குளத்து நீரைத் தொடும்போது கட்டு நில்லாது. துருசின் கட்டடமும் மண்ணும் சேருமிடம், உக்கிய மரவேர் விட்ட வழி, கறையான் புற்று, விலங்குகளின் வளை ஆகியவை இதற்கு வாயில்களாகும்.

கலங்கிய ஊற்றைக் கண்டவர் களிமண்ணிட்டு அடைக்க முற்படுதல் தவறு. அடைபட்ட நீர் வேறிடத்தில் வெளிப்படும். மணலும் அதன்மேற் சரளையும் இட்டு, நீரைப் போகவிட்டு மண்ணை மாத்திரம் தடுப்பதே பொறியியலாளர் கையாளும் முறை. எனவே, கண்ட அன்றே நீர்ப்பாசனத் திணைக்களத்தாருக்கு அறிவித்தல் வேண்டும். அவர்கள் நீர்மட்டத்தைக் குறைக்கவும் வழியுண்டு.

2008 ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் அணைப் பாதுகாப்புத் திட்டமொன்று தொடங்கப்பட்டுப் பெரிய அணைகள் பல சீர்செய்யப்பட்டன. ஆயினும், திட்டம் முடிந்த அடுத்த மாரியிலேயே கட்டிற் பற்றை முளைக்கும். அதை வெட்டுவதற்குத் திறப்பு விழாவும் இல்லை. மாலை மரியாதையும் இல்லை. கமக்காரர் அமைப்புகள் ஆண்டுதோறும் வெட்டியே ஆகவேண்டும்.

குளத்தின் கீழ் வாழும் நேயர்களே, மாரி தொடங்குமுன் ஒருமுறையும், குளம் நிரம்பியபின் அடிக்கடியும், உங்கள் கட்டின் அடிவாரத்தே நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, தெளிந்த கசிவுக்கும் கலங்கிய கசிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுங்கள். நாளை அக்கட்டின் கீழ் உறங்கப்போகின்றவர்கள் அவர்களே.