குழந்தைக்கேற்ற குட்டைச் செம்மறி

இங்கிலாந்தின் சசெக்ஸ் குன்றுகளில் உருவானது சவுத்டவுன் செம்மறி. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் எல்மன் என்ற விவசாயி அதன் தரத்தை உயர்த்தினார். அந்த இனத்தின் பழைய குட்டை வகைக்கு இன்று அமெரிக்காவில் 'பேபிடால்' என்று பெயர். தோள் உயரம் 24 அங்குலத்துக்குள்தான். கொம்பு கிடையாது. முகமெல்லாம் கம்பளி, வாய் எப்போதும் சிரிப்பது போலவே இருக்கும். சாதுவான குணம். சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல தேர்வு.

ஆனால் இனத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். புட்டிப்பால் கொடுத்துக் கொஞ்சி வளர்த்த கிடாய்க்குட்டிக்கு மனிதர்மேல் பயம் விட்டுப்போகும். பருவம் வந்ததும் தலையைத் தாழ்த்தி, நாலடி பின்வாங்கி, ஓடி வந்து முட்டும். வளர்த்த பிள்ளை என்றெல்லாம் பார்க்காது. அதனால் பெண் குட்டியோ காயடித்த கிடாயோதான் வேண்டும்.

ஒன்றை மட்டும் வாங்குவதும் பாவம். மந்தையில் வாழும் பிராணி அது. தனியாக விட்டால் கத்திக்கொண்டே இருக்கும். குறைந்தது இரண்டு வேண்டும். வெள்ளாட்டுத் தீவனத்தைப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.

பணம் கொடுக்கும் முன் பிள்ளையைப் பட்டிக்கு அழைத்துப் போங்கள். மிரளாமல் அருகே வருகிற ஆட்டையே தேர்ந்தெடுங்கள்.