நாடி பிடிக்காமல் நோய் சொல்வதா?

(கருணாபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாக்குக் குழறுகிறது, கால் தள்ளாடுகிறது, கண் நிலைகொள்ளவில்லை. இம்மூன்றையும் கண்டவுடன் "குடித்திருக்கிறான்" என்று தீர்ப்புக் கூற எவருக்கும் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் விலை என்ன என்பதை, தமிழகத்தில் வேறெந்த ஊரையும் விட, இந்தக் கருணாபுரம் அறியும்.

2024 சூன் 18, 19. அந்த நாட்களை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுமா? குடித்தது மெத்தனால் கலந்த நஞ்சு. அந்த நஞ்சுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. குடித்தவுடன் அது சாதாரணப் போதையாகவே காட்சி தரும். மணிகள் பல கடந்த பின்னரே உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், பார்வை மங்கும், மூச்சு முட்டும். "போதைதான், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணுகிற அந்த நேரமே உயிர் போகிற நேரம்! இரத்தத்தைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். பார்த்த பார்வைக்குத் தெரியாது.

ஊர் மக்களை விடுங்கள். சோதனை முடியு முன்பே, இவை கள்ளச்சாராயச் சாவுகள் அல்ல என்று அதிகாரத்தின் பக்கமிருந்தே முதலில் சொல்லப்பட்டது. சொன்ன வாய் மூடு முன் பிணங்கள் வரிசையாக வந்தன. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். 65-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாடி பிடிக்காமல் நோய் சொல்லும் பழக்கம் எவ்வளவு கொடியது என்பதற்கு வேறு பாடம் வேண்டுமா?

இதே மண்ணில் இன்னொரு கதையும் உண்டு. அது ஓர் அரசியல்வாதியின் கதை.

இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ரிஷிவந்தியம் தொகுதி, 2011-ல் விஜயகாந்த் அவர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். அந்தத் தேர்தலிலேயே, நகைச்சுவை நடிகர் ஒருவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று, அவரைக் குடிகாரர் என்று மேடைதோறும் ஏச வைத்தார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. பின்னர் அவருடைய பேச்சுத் தெளிவிழந்தது, நடை தளர்ந்தது. சிரிப்பு நின்றதா? இல்லை, பெருகிற்று! பொருள் புரியாத ஒவ்வொரு சொல்லும் கேலிப்படமாயிற்று. குடி என்றார் ஒருவர். மூளைக் கோளாறு என்றார் இன்னொருவர். கைப்பேசி வைத்திருந்தவர் எல்லாம் மருத்துவராயினர்!

அவர் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றார். 2022-ல் நீரிழிவு நோயால் கால் விரல்கள் அகற்றப்பட்டன. 2023 டிசம்பர் 28-ஆம் நாள், 71-ஆம் வயதில் மறைந்தார். அன்று சென்னையில் திரண்ட மக்கள் வெள்ளத்தை நாடு கண்டது. கேலிப்படம் போட்டு மகிழ்ந்தவர்களே கண்ணீர்ப்படமும் போட்டார்கள். அவருக்கு வந்த நோய்தான் என்ன என்று கேட்கிறீர்களா? இப்போதும் நான் சொல்லமாட்டேன். அது என் வேலையன்று.

நான் நாடகம் எழுதுகிறவன்; கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். மருத்துவம் அறியேன், மேடையை அறிவேன். குடிகாரனாக நடிப்பவனுக்கு நாங்கள் சொல்லித் தருவது என்ன? நாக்கைக் குழற்று, காலைத் தள்ளாடு, கண்ணைச் செருகு. பக்கவாத நோயாளியாக நடிப்பவனுக்கு? ஏறத்தாழ அதையேதான் சொல்லித் தருகிறோம். கையில் புட்டியைக் கொடுத்தால் குடிகாரன். கட்டிலில் கிடத்தினால் நோயாளி. வேறுபாடு உடலில் இல்லை தோழர்களே, நாங்கள் கொடுக்கும் புட்டியில் இருக்கிறது! அரசியல் எதிரியின் கையில் அந்தப் புட்டியை வைப்பவர்களும் நாடகாசிரியர்கள்தாம். நான் சீட்டு விற்கிறேன். அவர்கள் வாக்குக் கேட்கிறார்கள்.

கற்றவர்கள் இதைச் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்கா செல்வோம். 1964-ல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நின்றவர் பாரி கோல்டுவாட்டர். 'ஃபேக்ட்' என்னும் ஏடு, 12,356 மனநல மருத்துவர்களுக்கு மடல் விடுத்து, "இவர் மனநிலை பதவிக்குத் தகுதியானதா?" என்று கேட்டது. 2,417 பேர் மறுமொழி அனுப்பினர். 1,189 பேர் "தகுதியில்லை" என்றனர். அவர்கள் அவரைச் சோதித்துப் பார்த்தா சொன்னார்கள்? மடலைப் பார்த்துச் சொன்னார்கள்! கோல்டுவாட்டர் தேர்தலில் தோற்றார். ஏட்டின் மீது வழக்குத் தொடுத்து வென்றார். நட்ட ஈடு ஒரு டாலர். தண்டத் தொகை 75,000 டாலர். வெட்கமுற்ற மனநல மருத்துவர் சங்கம், நேரில் ஆராயாத ஒருவரின் மனநிலை பற்றி உறுப்பினர் கருத்துக் கூறலாகாது என்று 1973-ல் விதி வகுத்தது. படித்த மருத்துவருக்கே வாய்ப்பூட்டு என்றால், நமக்கு?

நம் நாட்டுக்கு வருவோம். 2024 மே 29. ஒடிசாவின் பாரிபதா மேடையில் தலைமை அமைச்சர் மோடி அவர்கள் முழங்கினார்: நவீன் பட்நாயக்கின் உடல்நிலை திடீரெனச் சீர்குலைந்தது ஏன், அதன் பின்னே சதி உண்டா என்று ஆராய, தம் கட்சி ஆட்சிக்கு வந்ததும் குழு அமைக்கப்படும் என்றார். அதற்கு முன்பே, நவீன் அவர்களின் நடுங்கும் கையைக் காட்டும் படக்காட்சி ஊரெங்கும் உலவிற்று. பக்கத்தில் நின்ற தமிழர் பாண்டியன் மீது பழி பாய்ந்தது. 77 வயது முதியவர், நான் நலமாகவே இருக்கிறேன், கவலையிருந்தால் தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்றார். இறுதிக்கட்ட வாக்குப்பதிவு சூன் 1. வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு ஊற்றெடுத்த பரிவு! அதைப் பரிவு என்று நம்ப நம்மால் இயலுமா?

"அப்படியானால், ஆள்பவர் உடல்நிலையை மக்கள் அறியவே கூடாதா?" என்று ஒரு தோழர் கேட்பது காதில் விழுகிறது. அறியத்தான் வேண்டும். 1919-ல் அமெரிக்கத் தலைவர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தால் வீழ்ந்தார். மனைவியும் மருத்துவரும் மறைத்தனர். நாடு பல மாதம் இருட்டில் கிடந்தது. 2016-ல் செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை நம் முதலமைச்சர் மருத்துவமனையில் இருந்தார். மக்கள் ஒரு படமேனும் கண்டார்களா? கதவு மூடினால் வதந்தி பிறக்கும். அவர் கைரேகை பதித்த தேர்தல் படிவத்தின் பேரில் ஓர் இடைத்தேர்தல் வெற்றியே பின்னர், 2019-ல், உயர் நீதிமன்றத்தால் செல்லாததாயிற்று. ஆணையமும் வந்தது, ஆண்டுகள் கடந்து அறிக்கையும் வந்தது.

எம்.ஜி.ஆர். 1984-ல் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார். பேச்சுத் திறன் குன்றிய நிலையிலும் 1987 வரை ஆண்டார். அந்த ஆட்சியின் நிறை குறைகளைப் பேச நம்மிடம் ஆயிரம் உண்டு. அவர் தொண்டையைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

2024 சூன் 27-ல் பைடன் மேடையில் தடுமாறியதை உலகமே பார்த்தது. சூலை 21-ல் போட்டியிலிருந்து விலகினார். "பார்த்தே சொன்னார்களே!" என்பீர்கள். பார்த்தது தடுமாற்றத்தை, நோயை அல்ல. வாதிட வந்தவர் வாதிடவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. அதற்குமேல் நோய்க்குப் பெயர் சூட்டியவன், அறியாததைச் சொன்னவன்.

இன்று மேடைக்கு வருமுன் தோழர்கள் ஒரு துண்டறிக்கை காட்டினர். எதிர்முகாமின் முதிய தலைவர் ஒருவருக்கு "மூளை மழுங்கிவிட்டது" என்று அதில் ஒரு வரி. அடித்துவிடச் சொன்னேன். "பெயரை மறந்து விழித்தாரே அண்ணா?" என்றார் இளந்தோழர். என் தந்தை என்னை என் தம்பி பெயரிட்டுத்தான் அழைப்பார். கணக்கில் ஒரு காசு தவறியதில்லை. வீட்டுக்கு வீடு இத்தகைய முதியவர் உண்டு. அந்த வரியைப் படிக்கும் ஒவ்வொரு கிழவரும் தம்மையே ஏசியதாகக் கருதமாட்டாரா?

கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். விஜயகாந்த் சட்டமன்றத்துக்கு வருவது அரிது என்று அந்நாளில் குறை எழுந்தது. அது நேர்மையான குறை. வருகைப் பதிவேடு இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். இந்தத் தலைவரையும் அப்படிக் கேளுங்கள். அவையில் எத்தனை நாள் இருந்தார்? கோப்பில் கையெழுத்திடுபவர் அவரா, அவர் பெயரால் வேறொருவரா? செய்தியாளர் முன் அமர்ந்து ஒரு மணி நேரம் விடை கூறுவாரா? 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய இந்தக் கருணாபுரம் வழக்கைப் பற்றி அவர் வாய் திறந்தாரா? கல்வராயன் மலையில் ஊறல் பானைகளை உடைத்துவிட்டு, மலைவாழ் மக்களுக்கு மாற்றுத் தொழிலாக எதைத் தருவார்? அந்த வரி இருந்த இடத்தில் இவற்றை எழுதி, நாளை காலைக்குள் அச்சகத்துக்கு அனுப்புங்கள்.