ஷார்ட் ஷிஃப்டர் வாங்குறதுக்கு முன்னாடி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற விதமா கேட்டிருந்தீங்க. "மேனுவல் வண்டி வச்சிருக்கேன், கியர் லீவர் லொடலொடன்னு ஆடுது, ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா?" போடலாம், வேண்டாம்னு ஒரு வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா இதை நான் ஒரு வண்டியில போட்டுப் பார்த்து, ஒரு வருஷம் ஓட்டி, கழட்டினவன். என் வண்டிகூட இல்லை, அப்பாவோட வண்டி. அதனால அந்தக் கதையோடவே சொல்லிடறேன்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். 106 குதிரைத்திறன். அந்தக் காலத்துல அந்த விலைக்கு அப்படி ஒரு எஞ்சின் வேற எதுலயும் கிடையாதுன்னு இன்னிக்கும் சண்டை போடறவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க, நானும் ஒருத்தன். அப்பா புதுசா எடுத்தது. பதினேழு வருஷம் ஓடின பிறகு எஞ்சின் நல்லா இருந்தது, கியர் மட்டும் கஞ்சிக்குள்ள கரண்டி விட்ட மாதிரி ஆகிடுச்சு. மூணாவதுல இருக்கும்போதே லீவரை இடமும் வலமும் ஆட்டலாம். நியூட்ரல்ல இருந்து தள்ளினா ஒண்ணுல விழுதா மூணுல விழுதான்னு வண்டி நகர்ந்தாதான் தெரியும்.

இந்த வண்டியில கியர் எப்படி விழுதுன்னு சொல்லிடறேன். கையில பிடிக்கிற லீவர் நேரா கியர்பாக்ஸுக்குள்ள போறதில்லை. நடுவுல ஒரு உருண்டை மூட்டு, அதுல தொங்குது. மேல் பக்கம் உங்க கை, கீழ் நுனியில ஒரு இரும்புத் தண்டு. அந்தத் தண்டு காருக்கு அடியில முன்னால போய், எஞ்சின் பக்கத்துல குறுக்கா உக்காந்திருக்கிற கியர்பாக்ஸைப் பிடிக்குது. கூடவே இன்னொரு தண்டு, லீவரோட வீட்டையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிச்சு வைக்கும், எஞ்சின் அசையும்போது லீவரும் கூடவே அசையறதுக்காக. ஒவ்வொரு இணைப்புலயும் ரப்பர் புஷ், நைலான் புஷ் இருக்கும்.

ஷார்ட் ஷிஃப்டர்ங்கறது வெறும் நெம்புகோல் கணக்கு. ஒரு உதாரணத்துக்கு மூட்டுக்கு மேல 240 மில்லிமீட்டர், கீழ 40 மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க. கீழ் நுனி 20 மில்லிமீட்டர் நகர்ந்தா ஒரு கியர் விழும்னா, உங்க கை 120 நகரணும். இப்போ கீழ்ப்பக்கத்தை 56 ஆக நீட்டினா, கை 86 நகர்ந்தா போதும். கேக்க நல்லா இருக்கு. ஆனா நெம்புகோல் யாருக்கும் இலவசமா எதையும் கொடுக்காது. தூரம் குறைஞ்ச அளவுக்கு அழுத்தம் ஏறும். முன்னாடி ஒரு கிலோ தள்ளின இடத்துல இப்போ 1.4 கிலோ தள்ளணும். விளம்பரத்துல "30 சதவீதம் குறைவான தூரம்"னு பெருசா போடறவங்க, இந்தப் பாதிக் கணக்கை எழுதறதில்லை.

நானும் அந்தப் பாதியைப் பார்க்கலை. 6,500 ரூபாய்க்கு சிவிக்குக்குன்னு செஞ்ச ஒரு ஷிஃப்டரை வாங்கி, ஒரு ஞாயித்துக்கிழமை எங்க பேட்டை மெக்கானிக் அண்ணன் பட்டறையில வண்டியை ஏத்தினேன். எக்ஸாஸ்ட்டை இறக்கணும், ஹீட் ஷீல்டைக் கழட்டணும். கியர்பாக்ஸ் முனையில தண்டைப் பிடிச்சிருக்கிற ஒரு ஸ்பிரிங் பின் இருக்கு பாருங்க, அதைத் தட்டி எடுக்கிறதுக்கு மட்டும் அரை நாள் போச்சு. பதினேழு வருஷத் துரு. அண்ணன் சுத்தியலைக் கீழ வச்சுட்டு சொன்னார்: "தம்பி, கதவோட கீல் தேஞ்சு கிடக்குது, நீங்க கைப்பிடிய மாத்திட்டு இருக்கீங்க." நான் சிரிச்சேன். புஷ் எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாங்கண்ணான்னு சொல்லிட்டேன். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை.

முதல் வாரம் சொர்க்கம். கியர் டக்கு டக்குன்னு விழுது. அவிநாசி ரோட்டுல காரணமே இல்லாம ரெண்டும் மூணும் மாத்திட்டு இருந்தேன். கூடவே 400 கிராம் எடையுள்ள ஸ்டீல் நாப் ஒண்ணும் போட்டேன். அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. கனமான நாப் நகர ஆரம்பிச்சா அதோட வேகமே லீவரைப் பள்ளத்துக்குள்ள கொண்டு போய் உக்கார வைக்கும். ஆனா சித்திரை வெயில்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தி வச்ச வண்டியில ஸ்டீல் நாப்பைத் தொட்டுப் பாருங்க. அப்பா தோள்ல கிடந்த துண்டைச் சுத்திதான் கியர் போட்டார். நாப் வாங்கறவங்க மறையைப் பாத்து வாங்குங்க. ஹோண்டாவுக்கு 10க்கு 1.5, மாருதிக்கும் டொயோட்டாவுக்கும் பெரும்பாலும் 12க்கு 1.25. ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கிப் போடற வண்டியா இருந்தா, அந்த வளையம் வேலை செய்யாத நாப்பை மட்டும் மாட்டிடாதீங்க. அது அழகுக்கு வச்ச வளையம் இல்லை.

அப்பா ஞாயிறு தவறாம உடுமலையில இருக்கிற அத்தை வீட்டுக்குப் போய் வருவார். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வழியா, அவரே ஓட்டிட்டு. ஷிஃப்டர் போட்ட பிறகு ரெண்டு தடவை போனார். அப்புறம் பஸ்ல போக ஆரம்பிச்சார். பெட்ரோல் விலைக்குப் பயந்துட்டார்னு நினைச்சேன். கேட்டதுக்கும் "பஸ்ல போனா தூங்கலாமல்ல"ன்னார். மூணு மாசம் கழிச்சு அம்மாதான் சொன்னாங்க: "அவருக்கு கியர் விழ மாட்டேங்குது கண்ணு. நீ ஆசையா போட்டன்னு உங்கிட்ட சொல்லலை."

அவருக்கு இடது தோள்பட்டை இறுகிப்போய் ரெண்டு வருஷம் சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியும். நம்ம ஊர் வண்டியில கியர் போடறது இடது கைதான். ஒரு கிலோவுக்கும் 1.4 கிலோவுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியலை. அறுபத்தாறு வயசுல, அந்தத் தோளோட, பொள்ளாச்சி டவுனுக்குள்ள நூறு தடவை ரெண்டாவது போடறவருக்கு அது வேற கணக்கு.

அப்பவும் நான் உடனே கழட்டலை, உண்மையைச் சொல்லிடறேன். மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கும்போது கர்ருன்னு சத்தம் வர ஆரம்பிச்ச பிறகுதான் வண்டிக்கு அடியில போனேன்.

அந்தச் சத்தம் சிங்க்ரோ. சுத்திட்டு இருக்கிற ரெண்டு பாகத்தோட வேகத்தைச் சமமாக்கறதுக்கு உள்ள ஒரு பித்தளை வளையம் இருக்கு. அது ஒரு கூம்பு மேல உரசி, வேகம் சமமான பிறகுதான் கியரை உள்ள விடும். அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும், அழுத்தமும் வேணும். லீவர் குட்டையானதால அந்த வளையம் வேகமாகிடாது. என் கை சீக்கிரம் போய்ச் சேர்ந்து அங்க காத்திருக்கணும், அவ்வளவுதான். நான் காத்திருக்காம குத்திக் குத்தி ஏத்தியிருக்கேன்.

கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினப்போ இன்னொண்ணு தெரிஞ்சது. கெட்டியா, கந்தக வாடையோட வந்தது. பழைய பில்லைத் தேடி எடுத்தா, 80டபிள்யூ-90, ஜிஎல்-5 ரகம். ஹோண்டா இந்தப் பெட்டிக்குச் சொல்றது அவங்களோட மெல்லிசான எம்டிஎஃப். ஜிஎல்-5 ஆயில் பின் ஆக்சிலுக்கு அருமையானது. அதுல இருக்கிற கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் பல் சக்கரத்தைக் காப்பாத்தும், ஆனா பித்தளை வளையம் உரச வேண்டிய இடத்துல வழுக்கும், நாளாவட்டத்துல சில ரகங்கள் பித்தளையை அரிக்கவும் செய்யும். காலையில வண்டி எடுத்ததும் ரெண்டாவது விழாம அடம் பிடிச்சதுக்குப் பாதிக் காரணம் இதுதான். ஊத்தினவங்களைத் தேடிப்போய் சண்டை போடலை. பில்லைப் படிக்காம கையெழுத்துப் போட்டது நான்.

அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியது. சரியான ஆயில், ரெண்டு லிட்டர்கூட இல்லை. லிங்கேஜ் புஷ் எல்லாம் புதுசு, பாலியூரித்தேன்ல. பித்தளை புஷ்ஷும் கிடைக்குது, இன்னும் இறுக்கமா இருக்கும், ஆனா எஞ்சின் அதிர்வு அப்படியே கைக்கு வந்துடும். தளர்ந்துபோன எஞ்சின் மவுண்ட் ஒண்ணையும் மாத்தினோம். கிளட்ச் முழுசா விடுதான்னு பார்க்க ஒரு எளிய வழி: வண்டி நிக்கும்போது கிளட்ச்சை மிதிச்சு அஞ்சு விநாடி எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் பல் கடிச்சா, லீவர் பக்கமே போகாதீங்க, கோளாறு கிளட்ச்ல. எங்க வண்டியில கடிக்கலை.

கடைசியா பழைய நெட்டை லீவரைத் திரும்ப மாட்டினோம். லீவர் நீளம் பழசுதான், ஆனா அந்த லொடலொடப்பு போயிடுச்சு. ஒவ்வொரு கியரும் இருக்கிற இடம் கைக்குத் தெரிஞ்சது. ஷார்ட் ஷிஃப்டர்ல நான் தேடினது இதைத்தான். ரெண்டாவது கியர் சத்தம் முக்கால்வாசி நின்னது. மீதி நிக்காது, தேஞ்ச பித்தளை வளராது.

இப்போ வர்ற முன்சக்கர ஓட்டக் கார்கள்ல பெரும்பாலும் தண்டுக்குப் பதிலா ரெண்டு கேபிள். அங்கேயும் முதல்ல பார்க்க வேண்டியது கேபிள் நுனியில இருக்கிற பிளாஸ்டிக் புஷ். அது உடைஞ்சா லீவர் உங்க கையில சும்மா ஆடும், வண்டி நடுரோட்டுல நிக்கும். மாஸ்டா மியாட்டா, ஹோண்டா எஸ்2000 மாதிரி லீவர் நேரா கியர்பாக்ஸ் மேலயே உக்காந்திருக்கிற வண்டிகள் வேற ஜாதி, அதோட ஒப்பிட்டு ஏமாறாதீங்க. இதெல்லாம் சரியா இருந்து, வண்டியை ஓட்டறது நீங்க ஒருத்தர் மட்டும்தான்னா, தாராளமா ஷார்ட் ஷிஃப்டர் போடுங்க. ஜாலியான சாமான்தான், நான் அதைக் குறை சொல்லலை.

லீவர் மாத்தின அன்னிக்கு அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லலை. சாவியை வழக்கமான ஆணியில மாட்டி வச்சேன். சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் எடுத்துட்டுப் போய்த் திரும்பி வந்தார். "ஆயில் மாத்துனியா?"ன்னார். ஆமாம்ப்பான்னேன். அடுத்த ஞாயிறு நான் எழுந்திருச்சப்போ ஆணியில சாவி இல்லை. ராத்திரி டிக்கியில ஒரு மூட்டைத் தேங்காய் வந்து இறங்குச்சு.

கழட்டின ஷிஃப்டர் இன்னும் பரண்ல இருக்கு. ஸ்டீல் நாப் மட்டும் வண்டியிலேயே இருக்கு, அப்பாதான் இருக்கட்டும்னார், துண்டோட. அடுத்த எபிசோடுல கிளட்ச் பத்திப் பேசலாம். வணக்கம்.