நடுவில் நிற்பவரின் நாணயம்



பட்டமளிப்பு உரை நிகழ்த்துவோர் வாழ்க்கை முழுவதையும் பற்றி உபதேசிப்பது சம்பிரதாயம். என் நோக்கம் அத்தனை பெரிதன்று. இலத்திரனியலும் அதன் சார்புத் தொழில்களும் கற்றுத் தேறியிருக்கிற உங்களில் பலர், நாளைக்கே ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் மேசையிலோ, திருத்தகத்திலோ, புதிய கருவியொன்றை உருவாக்க முயலும் சிறு ஸ்தாபனத்திலோ போய் அமரப்போகிறீர்கள். ஆதலால், கருவியைச் செய்பவருக்கும் அதன் பாகங்களைச் செய்பவருக்கும் நடுவில் நிற்கின்ற விநியோகஸ்தரோடு எவ்விதம் தொழில் நடத்துவது என்ற, பாடப்புத்தகங்கள் அதிகம் தொடாத விஷயத்தையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் கலர் சோர்ட்டர் என்னும் இயந்திரத்தைக் காணலாம். சரிவில் வழிந்து விழும் தேயிலைத் துணுக்குகளைக் கமராக்கள் கவனிக்க, கறுத்த தூளோடு கலந்து வரும் செந்நிறக் குச்சியையும் நாரையும் சுற்றுப்பலகை இனங்கண்டு, அந்தக் கணத்திலேயே வால்வைத் திறந்து காற்றை ஊதி அப்புறப்படுத்துகிறது. டிம்புள்ளைப் பிரதேசத் தேயிலைக்குப் பேர்பெற்ற பருவமாகிய ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில், அப்பலகையிலுள்ள விரல்நகத்தளவு சிப் ஒன்று பழுதுபட்டுவிட்டால், நல்ல விலைக்குப் போகவேண்டிய தேயிலை குச்சியோடு தேங்கிக் கிடக்க, டீமேக்கர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும். லட்சக்கணக்கில் சிப் செய்து விற்கும் ஜப்பானிய அல்லது தைவானிய ஸ்தாபனம், இரண்டே இரண்டு வேண்டுமென்று ஹட்டனிலிருந்து கேட்பவருக்கு நேரில் விற்க முன்வராது. அங்கேதான் விநியோகஸ்தர் பிரவேசிக்கிறார்.

அவர் மொத்தமாக வாங்கிக் களஞ்சியத்தில் வைக்கிறார். 5,000 தடையிகள் சுற்றப்பட்ட ரீலிலிருந்து ஐம்பது கேட்டவருக்கு ஐம்பதை வெட்டிக் கொடுக்கிறார். தவணைக் கடன் தருகிறார். எந்தச் சிப் எந்தச் சுற்றுக்குப் பொருந்தும் என்று ஆலோசனை கூறத் தம் பொறியியலாளரை அனுப்புகிறார். ஒரு பாகத்தின் உற்பத்தி நிற்கப்போகிறதென்றால், கடைசிக் கொள்முதலுக்கு இன்ன தேதிவரை அவகாசம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார். ஈரத்தால் கெடக்கூடிய சிப்களை அடைத்த உறைக்குள் ஓர் ஈரங்காட்டும் அட்டையும் இருக்கும். அதன் நீலப் புள்ளிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், சிப்பை முறைப்படி உலர்த்தாமல் பலகையில் பொருத்தலாகாது. மூடுபனியும் தூறலும் லேசில் விலகாத நம் ஊரில், உறையைப் பிரித்தவுடன் அந்த அட்டையைப் பார்ப்பதை நீங்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நடுவில் நிற்பவர் என்றதும் நம் சமுதாயத்தின் மூத்தோருக்குக் கசப்பான ஞாபகங்கள் எழுவது இயல்பே. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோரை அழைத்துவந்த கங்காணி, தொழிலாளிக்கும் துரைக்கும் நடுவில் நின்றவரே. முன்பணம் கொடுத்தவரும் அவர், கடனைக் கணக்கிட்டவரும் அவர். அந்தக் கடனைத் துண்டு என்ற ஒரு தாளில் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்குத் தொழிலாளரைக் கைமாற்றிய வழக்கம் 1921ஆம் வருஷம்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அம்முறையின் கொடுமைக்கு மூலகாரணம் நடுவில் ஒருவர் நின்றது மாத்திரமன்று. எழுத்தறியாத தொழிலாளியின் கணக்கு அவன் கண்ணுக்கு எட்டாமல் இருந்ததே அதனினும் ஆழமான காரணம். கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலத்தைப் பாருங்கள். அங்கும் தரகர் நடுவில்தான் நிற்கிறார்; ஆனால் மாதிரியைச் சுவைத்து, பட்டியலிட்டு, எல்லோரும் அறிய விலை கூறவைக்கிறார். இருபுறமும் செய்தி ஓடுகிற இடத்தில் நடுவில் நிற்பவர் உபகாரியாகிறார். ஒருபுறத்தில் அடைபடும்போது அவரே சுமையாகிவிடுகிறார்.

நேர்மையாக நடுவில் நிற்பதற்குப் பெருநகரமும் அவசியமில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்றொரு குளிர்ப் பிரதேசச் சிற்றூர் உண்டு. அதன் ஜனத்தொகை 10,000க்கும் குறைவு. அவ்வூரைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்டோர்டால் என்பவர், பொழுதுபோக்காக வானொலி இயக்குவோருக்கென்று மோர்ஸ் சாவிக் கருவித் தொகுதி ஒன்றைச் செய்து விற்று, பின்னர் பாகங்களையே தனித்தனியாக விற்கத் துணிந்து, 1972இல் டிஜி-கீ என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். அது இன்று உலகின் பெரிய விநியோகஸ்தர்களுள் ஒன்று. எந்தப் பாகம் எத்தனை கையிருப்பில் உள்ளது, என்ன விலை, எப்போது வரும் என்பதை வாங்குபவர் எவரும் பார்க்கும்படி திறந்து வைத்ததே அதன் வளர்ச்சிக்கு ஒரு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வாங்குபவரும் தம் பக்கத்துச் செய்தியை மறைக்கலாகாது என்ற பாடத்தை உலகம் அண்மையில்தான் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது மோட்டார் வாகன உற்பத்தியாளர்கள் சிப் ஆணைகளை ரத்துச் செய்தனர். வருஷக் கடைசியில் திரும்பி வந்தபோது அவர்களுடைய இடத்தைக் கணினி செய்வோரும் தொலைபேசி செய்வோரும் பிடித்துவிட்டிருந்தனர். 2021 மார்ச்சில் ஜப்பானிலுள்ள ரெனெசாஸ் ஸ்தாபனத்தின் நாக்கா சிப் ஆலையில் தீ மூண்டது தட்டுப்பாட்டை மேலும் முற்றவைத்தது. முன்பு சில மாதங்களில் வந்த பாகங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அச்சமுற்ற கொள்முதல்காரர்களிற் பலர் ஒரே தேவைக்கு மூன்று விநியோகஸ்தர்களிடம் ஆணை கொடுத்தார்கள். மூன்றையும் உண்மையென்று நம்பிய உற்பத்தியாளர் இல்லாத பசிக்குச் சமைத்தார். 2023இல் பல களஞ்சியங்கள் விலைபோகாத சரக்கால் நிரம்பின. நம் நாட்டிலோ 2022இல் அந்நியச் செலாவணி வற்றிப்போனதால், பாகம் கிடைத்தாலும் அதற்கு டொலர் கிடைப்பது அரிதாயிற்று.

தட்டுப்பாட்டின் நிழலில் போலிகள் செழிக்கின்றன. கழிவுப் பலகைகளிலிருந்து கழற்றிய பழைய சிப்களின் மேற்புறத்தைச் சுரண்டி, கறுப்புப் பூசி, புதிய எண் பொறித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ராணுவ உபகரணங்களுக்குள்ளேயே இத்தகைய சந்தேகத்துக்குரிய பாகங்கள் சுமார் 1,800 சந்தர்ப்பங்களில் புகுந்திருந்ததை அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழு 2012இல் வெளிப்படுத்தியது. கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே அவசரத்துக்கு ஒரு பாகம் வாங்குவது குற்றமன்று. அது எங்கிருந்து வந்தது என்று கேளாமல், சோதியாமல், பிறருடைய உயிரோ பிழைப்போ தங்கியிருக்கும் கருவிக்குள் பொருத்துவதே குற்றம்.

ஆகவே, பட்டதாரிகளே, நீங்கள் வாங்கும் ஸ்தானத்தில் அமர்ந்தால், வரும் ஆறு மாதத் தேவையை உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். தேவை குறைந்தால் குறைந்ததென்று அன்றே சொல்லுங்கள். வாக்களித்த நாளில் பணத்தைச் செலுத்துங்கள். சரக்கு மலிந்திருக்கும் காலத்தில் ஒரு சதத்துக்காக விநியோகஸ்தரை மாற்றிக்கொண்டே போனவர், தட்டுப்பாடு வந்த நாளில் வரிசையின் கடைசியில்தான் நிறுத்தப்படுவார். விற்கும் ஸ்தானத்தில் அமர்ந்தால், இல்லாத சரக்கை இருப்பதாகச் சொல்லாதீர்கள். தாமதம் நிச்சயமென்று தெரிந்தபின் அதை மறைக்காதீர்கள். சிறிய வாடிக்கையாளரின் சிறிய ஆணையை இகழாதீர்கள்.

தம் பேரில் எவ்வளவு கடன் எழுதப்பட்டிருக்கிறது என்று அறியாமலே உழைத்து மறைந்த ஒரு பரம்பரையின் பேரப்பிள்ளைகள் நீங்கள். இனிமேல் கணக்கேடு உங்கள் கையில் இருக்கும். எதிரில் அமர்ந்திருப்பவர் எப்போது கேட்டாலும் அதைத் திறந்து காட்டும் யோக்கியதையோடு எழுதுங்கள்.